மிச்சம் பிடிச்ச நேரம் எங்கே போச்சு?

போன மாசம் ஒரு ராத்திரி. ஒரு பம்ப் கம்பெனிக்கு ஆறு அயிட்டத்துக்கு கொட்டேஷன் போடணும். முன்னாடியெல்லாம் இது ஒரு சாயங்காலத்தை முழுசா முழுங்குற வேலை. காஸ்டிங் கிலோ என்ன விலை, லேத்தில் எத்தனை நிமிஷம், டிரில்லிங் எவ்வளவு, பேக்கிங், வண்டி வாடகை... இந்தத் தடவை எல்லாத்தையும் ஒரு ஏஐ கருவியிடம் கொட்டினேன். நாலே நிமிஷத்தில் அழகா ஒரு அட்டவணை, கூடவே பவ்யமா இங்கிலீஷில் ஒரு கடிதம். ஆஹா, இன்னைக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போய் பிள்ளைகளோட சாப்பிடலாம்னு நினைச்சேன்.

போனேனா? எங்கே! லாபம் 12 சதவீதம் வெச்சா என்ன வரும், 9 வெச்சா என்ன வரும், இரும்பு விலை ஏறினா, ஆர்டர் பாதியானா என்று மாத்தி மாத்தி கேட்டு பதினோரு கொட்டேஷன் போட்டுப் பார்த்தேன். கடைசியில் முதலில் வந்ததையே அனுப்பிட்டு வீடு சேர்ந்தப்போ மணி பன்னிரண்டரை. சாப்பாட்டை மூடி வெச்சிட்டு எல்லாரும் தூங்கியாச்சு :-(

நாலு நிமிஷ வேலை எப்படி நாலு மணி நேரம் ஆச்சு? அதை யோசிச்சுக்கிட்டே தேடினப்போ மாட்டினதுதான் விசிகால்க் கதை. எக்ஸெலுக்குத் தாத்தா. ஏற்கனவே தெரிஞ்சவங்க மன்னிக்கணும், கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

1978. டேன் பிரிக்ளின் அப்போ ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் மாணவர். அதுக்கு முன்னாடி எம்ஐடியில் படிச்சு, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் வேர்ட் பிராசசிங் மென்பொருள் எழுதினவர். வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் கட்டம் கட்டமா நிதிக் கணக்கு போடுவார். நடுவில் ஒரு எண் தப்பாப் போச்சுன்னா, அதைத் தொட்டு வர்ற அத்தனை எண்ணையும் அழிச்சு அழிச்சு எழுதணும். ஒரு எண்ணை மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறிக்கிட்டா எப்படி இருக்கும்? அவ்வளவுதான் யோசனை.

ஸ்ப்ரெட்ஷீட் என்கிற பேரே காகிதத்தில் இருந்து வந்ததுதான். பேரேட்டின் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற அகலமான கட்டம் போட்ட தாள். அமெரிக்கக் கம்பெனிகளில் அதை பென்சிலும் ரப்பருமா வெச்சுக்கிட்டு நாள் கணக்கில் நிரப்பிக்கிட்டு இருந்தாங்க.

பிரிக்ளின் கடன் வாங்கின ஒரு ஆப்பிள் 2 கணினியில், ஒரு வாரக் கடைசியில், மாதிரி ஒண்ணு செஞ்சு பார்த்தார். நிஜமான நிரலை எழுதினது நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன். வாடகைக் கணினியில் ராத்திரி ரேட் குறைச்சல் என்பதால் ராத்திரி முழுக்க எழுதுவாராம். (நேரத்தை மிச்சம் பண்ற சாமானை செய்யறவன் தூக்கத்தை விக்கணும் போல.) 1979 ஜனவரியில் ரெண்டு பேரும் சேர்ந்து சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினாங்க. அக்டோபரில் விசிகால்க் கடைக்கு வந்தது. விலை சுமார் 100 டாலர். அதை ஓட்டுறதுக்காகவே அதைப்போல பல மடங்கு விலை கொடுத்து ஆப்பிள் 2 வாங்கினவங்க ஏராளம்.

ஒரு கணக்காளரிடம் செஞ்சு காட்டினப்போ அவருக்குக் கையே நடுங்கிடுச்சுன்னு பிரிக்ளின் பின்னாளில் சொல்லியிருக்கார். வாரம் பூரா தான் செய்யற வேலை ஒரு மணி நேரத்தில் முடியுதேன்னு.

சரி, அந்த மிச்ச நேரத்தில் அவங்கள்லாம் மீன் பிடிக்கப் போனாங்களா? 1984 நவம்பரில் ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் ஸ்டீவன் லெவி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஸ்ப்ரெட்ஷீட் வந்ததும் ஆளாளுக்கு 'இப்படி ஆனா? அப்படி ஆனா?' விளையாட்டில் விழுந்துட்டாங்க என்பது அவர் பார்த்த விஷயம். முன்னாடி ஒரு திட்டத்துக்கு ஒரு கணக்கு. இப்போ ஒரு திட்டத்துக்கு இருபது. உள்ளே போட்ட அனுமானம் சரியாங்கிற கேள்வி மட்டும் பின்னாடி போயிடுது, ஏன்னா அச்சில் பார்க்க எல்லாம் கச்சிதமா இருக்கு. படிச்சப்போ என் பதினோரு கொட்டேஷன் ஞாபகம் வந்தது. நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்மளைப் பத்தி எழுதி வெச்சுட்டாரேய்யா!

எங்க பட்டறையில் அப்பா காலத்தில் இருந்து கணக்கு பார்க்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஏஐ கருவிக்கு நான் சந்தா கட்டின அன்னைக்கே கேட்டார்: "தம்பி, இது வந்துட்டா அப்புறம் நானெல்லாம் எதுக்குங்க?" சிரிச்சு மழுப்பிட்டேன். மனசில் கணக்கு போட்டுப் பார்க்கலைன்னு சொன்னா பொய். அவர் சம்பளமும் எனக்குத் தெரியும், சந்தாத் தொகையும் எனக்குத் தெரியும்.

இதுக்கும் ஒரு பழைய பதில் இருக்கு. என்பிஆர் வானொலியின் பிளானட் மணி குழு 2015இல் கணக்குப் பார்த்துச் சொன்னது: 1980க்கு அப்புறம் அமெரிக்காவில் கணக்கு எழுதற எழுத்தர் வேலைகள் சுமார் 4 லட்சம் குறைஞ்சுது, ஆனா அக்கவுண்டன்ட் வேலைகள் சுமார் 6 லட்சம் கூடிச்சு. கணக்குப் போடறது மலிவானதும் முதலாளிகள் இன்னும் நிறைய கணக்கு கேட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போன 4 லட்சமும் வந்த 6 லட்சமும் ஒரே ஆளுங்க இல்லையே? அறுபதை நெருங்குற எங்க அண்ணனிடம் இந்தப் புள்ளிவிவரத்தைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

இப்போ ஃப்ளோரிடா கதை. 1984இல் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனி, லோட்டஸின் சிம்பொனி மென்பொருளில் கணக்கு போட்டு ஒரு கட்டட வேலைக்கு டெண்டர் கொடுத்தது. வேலையும் கிடைச்சது. அப்புறம்தான் தெரிஞ்சது, 2,54,000 டாலர் செலவு கூட்டுத்தொகையில் சேரவே இல்லை. கடைசி நேரத்தில் நுழைச்ச வரிசை அது. கூட்டல் சூத்திரத்தின் எல்லைக்கு வெளியே நின்னுடுச்சு. கம்பெனி லோட்டஸ் மேல வழக்கு போட்டு, பிறகு தானே வாபஸ் வாங்கிடுச்சு.

இதைப் படிச்சு நான் சிரிக்கலை. காரணம், அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் அண்ணன் என் கொட்டேஷன் நகலைப் பார்த்துட்டு கேட்ட கேள்வி: "இந்த வண்டி வாடகை யாருங்க தம்பி குடுத்தது?"

நான் கொடுக்கலை. கொடுக்க மறந்திருக்கேன். கருவி கேக்கவும் இல்லை, கட்டத்தைக் காலியா விடவும் இல்லை. நியாயமாத் தெரியற ஒரு தொகையைத் தானே போட்டு நிரப்பிடுச்சு. நிஜ வாடகையில் பாதிகூட இல்லை. விசிகால்க்குக்கும் இதுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம்னு எனக்குப் படுது. அதில் நாம போடாத கட்டம் காலியா கிடக்கும், கண்ணுக்காவது தெரியும். பதினோரு தடவை நான் லாபத்தை மாத்திப் பார்த்திருக்கேன், அந்த ஒரு வரியை ஒரு தடவைகூட படிக்கலை.

பம்ப் கம்பெனிக்கு போன் போட்டு சொன்னேன். "கொட்டேஷன் உங்க லெட்டர்ஹெட்ல, உங்க கையெழுத்தோடதானே வந்திருக்கு சார்?" வேற என்ன பேசறது. அந்த ரேட்டுக்கே சப்ளை பண்றோம்.

பிரிக்ளின் கதை முடிவு இன்னும் சோகம். சாஃப்ட்வேருக்கு காப்புரிமை கிடைக்கிறது கஷ்டம்னு அந்தக் காலத்தில் வக்கீல் சொன்னதால் அவங்க காப்புரிமை வாங்கலை. விசிகால்க்கை விற்ற கம்பெனியில் வேலை பார்த்த மிட்ச் கேபோர் வெளியே வந்து லோட்டஸைத் தொடங்கி, 1983 ஜனவரியில் 1-2-3 கொண்டு வந்தார். முதல் வருஷ விற்பனையே 5.3 கோடி டாலர். அதே 1983இல் விசிகால்க்கை எழுதினவங்களும் விற்றவங்களும் ஒருத்தர் மேல ஒருத்தர் கோர்ட்டில் நின்னாங்க. 1985இல் லோட்டஸ் சாஃப்ட்வேர் ஆர்ட்ஸை வாங்கி விசிகால்க்கை மூடிடுச்சு. அந்த லோட்டஸை 1995இல் ஐபிஎம் 350 கோடி டாலருக்கு வாங்கினதும், 1-2-3யும் பிறகு மறைஞ்சு போனதும் தனிக் கதை. விசிகால்க்கின் ஐபிஎம் பிசி பதிப்பை பிரிக்ளின் தன் தளத்தில் இலவசமாவே கொடுக்கிறார். மொத்தமே 28 கேபிக்குள்ள! காலை வணக்கம்னு வாட்ஸப்பில் வர்ற ரோஜாப்பூ படமே இதைவிடப் பெரிசு.

இப்போ எங்க பட்டறையில் எந்தக் கொட்டேஷன் ஆனாலும் முதலில் அண்ணன் மேசைக்குப் போகுது. பென்சிலை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரிக்கும் "இது யார் குடுத்த நம்பர்?"னு கேப்பார். பதில் இல்லாத வரிக்கு வட்டம் போட்டுத் திருப்பிடுவார். டைப் அடிக்கிற வேலை அவருக்குக் குறைஞ்சிருக்கு, வட்டம் போடற வேலை கூடியிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு டான்னு கிளம்பிடுவார், அது அப்பா காலத்துப் பழக்கம். அதனால அஞ்சு மணிக்கு மேல போட்ட கொட்டேஷன் எதுவும் மறுநாள் காலை வரைக்கும் வெளியே போறதில்லை.

நேத்து எட்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். சாப்பிடும்போது இன்னொரு தடவை 10 சதவீதத்தில் போட்டுப் பார்க்கலாமான்னு கை அரிச்சது உண்மைதான் :-)