பத்து ரக்கூன் தோல்

ரோம், கார்த்தேஜ், டிராய், ஏதென்ஸ், வாட்டர்லூ. இந்த ஐந்து இடங்களையும் ஒரே நாளில், ஒரே காரில் சுற்றிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா?

தாராளமாக முடியும். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் தென்கிழக்கில் ஏதென்ஸ் கவுன்ட்டி என்று ஒன்று இருக்கிறது. நிர்வாகத்தில் நம்மூர் மாவட்டம் மாதிரி. பரப்பில் ஒரு பெரிய தாலுகா, அவ்வளவுதான். குன்றும் காடும் பண்ணைகளுமான பிரதேசம். அதில் இருக்கும் 14 டவுன்ஷிப்புகளில் ஐந்துக்குத்தான் இந்தப் பெயர்கள்.

டவுன்ஷிப் என்றதும் நெய்வேலியை நினைத்துக்கொள்ளாதீர்கள். குவார்ட்டர்ஸ், பூங்கா, கேஸ்ட்டு வாசல் சமாசாரமெல்லாம் இல்லை. அங்கே டவுன்ஷிப் என்பது முதலில் காகிதத்தில் போட்ட ஒரு கட்டம். பிறகு அதற்குள் ஆட்கள் வந்தார்கள், ஊர் வந்தது, பஞ்சாயத்து வந்தது. நம் பக்கம் எல்லாமே தலைகீழ். முதலில் ஆறு, அப்புறம் வயல், அப்புறம் ஊர். சர்வேயர் கடைசியாகத்தான் வந்து சேர்வார்.

ஆளே வராத இடத்தில் கட்டம் எதற்கு? கடன் அடைக்க!

1783-ல் பிரிட்டனோடு சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. சுதந்திரம் கையில். கஜானா காலி. சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளம் தரப் பணமில்லாமல் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்றைய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம்கூடக் கிடையாது. இருந்த ஒரே சொத்து, பிரிட்டன் விட்டுக்கொடுத்த மேற்கத்திய நிலம். அதை விற்றால்தான் உண்டு.

விற்க வேண்டுமென்றால் அளக்க வேண்டுமே? 1785 மே மாதம் அதற்கொரு சட்டம் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 துண்டுகள். துண்டுக்கு செக்‌ஷன் என்று பெயர். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். விலை, ஏக்கருக்குக் குறைந்தது ஒரு டாலர்.

அளந்தது 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியால். இங்கிலாந்துக்காரர் கன்ட்டர் வடிவமைத்தது. நமக்கும் அது அந்நியமில்லை. அந்தச் சங்கிலியின் நீளத்துக்கு ஒரு சதுரம் போட்டு அதைப் பத்தாகப் பிரியுங்கள். 435.6 சதுர அடி வரும். நாம் பத்திரத்தில் எழுதுகிறோமே, ஒரு சென்ட்? அதுதான் இது!

சட்டத்தில் ஒரு சின்ன வரி. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆம் எண் செக்‌ஷனை விற்கக் கூடாது. அது அந்த டவுன்ஷிப்பின் பள்ளிக்கூடத்துக்கு. யோசித்துப் பாருங்கள். கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை, படிக்கப் பிள்ளைகளும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மானியம் எழுதியாயிற்று!

இந்த நிலத்தின்மேல் பாஸ்டனில் சிலருக்குக் கண் விழுந்தது. 1786 மார்ச் 1-ஆம் தேதி 'திராட்சைக் கொத்து' என்ற பெயருள்ள ஒரு மதுவிடுதியில் கூடினார்கள். போரில் இருந்த அதிகாரிகள். முக்கியமானவர் ரூஃபஸ் பட்னம். அவர்கள் ஆரம்பித்ததுதான் ஓஹியோ கம்பெனி. யோசனை எளிமையானது. அரசாங்கம் கொடுத்த பத்திரத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை. சரி, அதையே அரசாங்கத்திடம் முழு மதிப்புக்குத் திருப்பிக் கொடுத்து நிலமாக வாங்கிக்கொண்டால்?

பேரம் பேச அவர்கள் அனுப்பியது மனாசே கட்லர் என்ற பாதிரியாரை. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கெட்டிக்காரர். 1787 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 15 லட்சம் ஏக்கர், 10 லட்சம் டாலர், பத்திரமாக. பாதி முன்பணம். மீதியை அவர்களால் கட்ட முடியாமல் போனது தனிக் கதை. கூடவே, ஒரு பல்கலைக்கழகத்துக்காக இரண்டு முழு டவுன்ஷிப்புகளையும் கேட்டு வாங்கினார் கட்லர். 46,080 ஏக்கர்! 1788 ஏப்ரல் 7-ஆம் தேதி பட்னமும் ஆட்களுமாக 48 பேர் மஸ்கிங்கம் நதி முகத்தில் போய் இறங்கி, மரியெட்டா என்ற ஊரை ஆரம்பித்தார்கள்.

அது காலி நிலமா என்ன?

இல்லை. ஷானி, லெனாபே முதலான பூர்வகுடிகள் வாழ்ந்த, வேட்டையாடிய பூமி. லெனாபேக்களை வெள்ளைக்காரர்கள் டெலவேர் என்பார்கள். ஏதென்ஸ் வழியாக ஓடும் ஹாக்கிங் நதியின் பழைய பெயர் ஹாக்ஹாக்கிங். அவர்கள் மொழியில் புட்டி என்று பொருள் சொல்வார்கள். பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமில்லாமல் எடுக்க மாட்டோம் என்று 1787-ல் காங்கிரஸ் சட்டமே போட்டிருந்தது. ஆனால், சில தலைவர்களிடம் வாங்கிய கையெழுத்தைக் காட்டி எல்லோருடைய நிலத்துக்கும் உரிமை கொண்டாடினால்? மற்றவர்கள் ஏற்கவில்லை. யுத்தம் மூண்டது.

1791 நவம்பர் 4-ஆம் தேதி கவர்னர் செயின்ட் கிளேரின் படையைப் பூர்வகுடிகள் நொறுக்கித் தள்ளினார்கள். ஒரே காலையில் அறுநூறு சிப்பாய்களுக்கு மேல் காலி. மூன்று வருடம் கழித்து, 1794-ல், ஜெனரல் வெய்ன் வந்தார். ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் கணக்கு நேரானது. அடுத்த வருடம் கிரீன்வில் ஒப்பந்தம். இன்றைய ஓஹியோவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைமாறியது. ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல்.

கொடுத்த விலை? 20,000 டாலருக்குச் சாமான்கள். பிறகு, ஆண்டுக்கு 9,500 டாலர் மதிப்பில் பொருள்கள், அதுவும் கையெழுத்துப் போட்ட எல்லாக் குழுக்களும் பங்கு பிரித்துக்கொள்ள. நான் பி.காம். படித்தவன். இப்படி ஒரு கொள்முதல் விலையை எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

யுத்தம் ஓய்ந்ததும் கட்டங்களுக்கு உயிர் வந்தது. 1797-ல் பட்னம் அனுப்பிய ஒரு கூட்டம் ஹாக்கிங் நதியில் எதிரேறிப் போய், பல்கலைக்கழகத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தில் குடியேறியது. அதுதான் ஏதென்ஸ். பக்கத்திலேயே ஏம்ஸ் டவுன்ஷிப். அங்கே முதலில் வந்த குடும்பங்களில் இரண்டு, ஜார்ஜ் யூயிங்கும் எஃப்ரேம் கட்லரும். கட்லர் நம் பாதிரியாரின் மகன்தான்.

ரோடு கிடையாது. நாணயம் கண்ணில் படுவதே அபூர்வம். 1803-ல் ரோடு போடுவது பற்றிப் பேசத்தான் ஏம்ஸ்வாசிகள் கூடினார்கள். பேச்சு எப்படியோ புத்தகத்துக்குத் திரும்பியது. நூலகம் வேண்டும்! சரி, பணம்? காட்டில் ரக்கூன் இருக்கிறது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்ட மாதிரி இருக்குமே, அந்தப் பிராணி. அதன் தோலுக்கு பாஸ்டனில் நல்ல கிராக்கி. வேட்டையாடினார்கள். தோல்கள் வண்டியேறின. 1804-ல் திரும்பி வந்தவை, 51 புத்தகங்கள்.

யூயிங் வீட்டுப் பையன் தாமஸுக்கு அப்போது பதினான்கு வயசு. தன் சொத்து முழுவதையும் கொடுத்தான். பத்து ரக்கூன் தோல்.

அதே 1804-ல் ஓஹியோ பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது. அடுத்த வருடம் ஏதென்ஸ் கவுன்ட்டி. உப்புக் காய்ச்சும் இடத்தில் கூலி வேலை செய்து காசு சேர்த்துப் படித்த தாமஸ் யூயிங், 1815-ல் அங்கே பட்டம் வாங்கினார். முதல் பட்டதாரிகள் இரண்டே பேர். அதில் அவர் ஒருவர். பிறகு வக்கீல், செனட்டர், 1841-ல் நிதி மந்திரி.

1849-ல் அமெரிக்காவில் உள்துறை என்று ஒரு புது இலாகாவை உருவாக்கினார்கள். நம்மூர் உள்துறை மாதிரி போலீஸ் விவகாரம் இல்லை. அரசு நிலங்களை விற்கும் அலுவலகமும் பூர்வகுடி விவகாரமும் அதன்கீழ் வந்தன. இரண்டும் ஒரே மேஜையில்! அந்த மேஜைக்கு முதல் மந்திரி யார் தெரியுமா? அதே தாமஸ் யூயிங்.

அவர் பதவியேற்றபோது ஓஹியோவில் பூர்வகுடிகளின் குடியிருப்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. கடைசியாக இருந்த வயண்டாட் குழுவும் 1843-ல் கிளம்பிப் போயிருந்தது. ஷானி, லெனாபே மக்களில் பெரும்பாலோரின் அரசுகள் இன்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஓக்லஹோமாவில் இருக்கின்றன. மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசு ஒன்றுகூட ஓஹியோவில் இல்லை.

ஓஹியோ கம்பெனி வாங்கிய நிலத்தில் ஒரு டவுன்ஷிப்பின் 36 கட்டங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. மதத்துக்கு ஒன்று. பிற்பாடு விற்றுக்கொள்ள காங்கிரஸுக்கு மூன்று. மீதியெல்லாம் கம்பெனிக்கு. பிறக்காத பிள்ளைகளின் படிப்பைக்கூட யோசித்து இடம் ஒதுக்கியவர்கள் அவர்கள். அதை மெச்சத்தான் வேண்டும். நதிக்குப் பெயர் வைத்தவர்களுக்கு மட்டும் ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.