மலையை அளந்தவர்கள் தங்களையும் அளந்தார்கள்



போடிமெட்டு ரோட்டில் ஏறினால் ஏலத்தோட்டம், அதைத் தாண்டினால் கேரள எல்லை. எல்லைத் தகராறு வந்தால் உடனே சர்வே படத்தை எடுக்கிறோம். அந்தப் படத்துக்கு ஆதாரம் முக்கோண அளவை. முக்கோணங்களுக்குப் பூமியில் இடம் சொன்னது நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பார்த்ததோ நம்மைப் போன்ற ஒரு மனிதரின் கண். அந்தக் கண்ணின் பிழையை எப்படிக் குறைத்தார்கள் என்பது ரொம்ப சுவாரசியமான சரித்திரம்.

1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வேலையைத் தொடங்கினார். கோயமுத்தூர்ப் பக்கம் சுமார் 11 பாகையில் ஒரு நிலையம், கன்னியாகுமரி அருகே 8 பாகையைச் சற்றுத் தாண்டி இன்னொன்று என்று வைத்து, இரவு இரவாக நட்சத்திரம் பார்த்தார். நம்ம போடி இருப்பது சுமார் 10 பாகையில், அந்த இரண்டுக்கும் நடுவில்.

லாம்டன் தலைக்கு நேர் மேலே வரும் நட்சத்திரங்களையே தேர்ந்தெடுத்தார். அங்கேதான் காற்று ஒளியை மிகக் குறைவாக வளைக்கும். கருவியின் முகத்தை ஒரு முறை கிழக்கே வைத்துப் பார்த்தால், அடுத்த முறை மேற்கே திருப்பிப் பார்ப்பார். கருவியில் கோணல் இருந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். சராசரி எடுத்தால் சரியாகிவிடும். கருவியைத் திருப்பி வைக்கலாம், சரி. பார்க்கிற ஆளை எப்படித் திருப்பி வைப்பது?

இங்கே இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே டேவிட் கின்னெபுரூக் என்று ஓர் உதவியாளர். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை, கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். அவர் குறித்த நேரம் தலைவர் மாஸ்கெலினின் நேரத்தைவிட 0.8 விநாடி பிந்தியது. 1796-ல் வேலை போயிற்று. பாவம், அவர் சோம்பேறி இல்லை. சுமார் கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெசல் இதைப் படித்துவிட்டு, தன்னையும் சக வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்ந்த ஆட்களுக்கிடையிலேயே ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தது! ஒவ்வொருவர் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் ஒரு தனித் தாமதம் உண்டு என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்கு 'ஆள் பிழை' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒரு விநாடிதானே என்கிறீர்களா? நம் ஊர் அட்சரேகையில் ஒரு விநாடிக்குப் பூமி சுமார் 457 மீட்டர் சுழல்கிறது. தீர்க்கரேகையை நேரத்தைக் கொண்டுதான் கணக்கிட்டார்கள் என்பதால், கின்னெபுரூக்கின் 0.8 விநாடி என்பது 365 மீட்டர். ஒரு தோட்டமே இடம் மாறிவிடும்!

இந்தியப் படங்களின் தீர்க்கரேகைக்கெல்லாம் மூலம், 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகம். ஆரம்பத்தில் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைப் பார்த்து அதன் இடத்தைக் கணக்கிட்டார்கள். துணைக்கோள் எப்போது மறைந்தது என்பதும் பார்ப்பவர் கண்ணையும் தொலைநோக்கியையும் பொறுத்தது. படங்களுக்கு எடுத்துக்கொண்ட மதிப்பு 80 பாகை 17 கலை 21 விகலை. தந்தி வழியே நேரத்தை ஒப்பிட்ட பிறகு, அது ஏறத்தாழ இரண்டரை கலை அதிகம் என்று தெரிந்தது. போடியில் அது சுமார் நாலரை கிலோமீட்டர்! பழைய சர்வே படங்களின் அடியில் தீர்க்கரேகைத் திருத்தம் என்று ஒரு குறிப்பு இருப்பது இதனால்தான்.

1875 முதல் 1877 வரை கேம்பெல், ஹெவிசைடு என்ற அதிகாரிகள் இந்தத் தந்தி அளவைகளைச் செய்தார்கள். இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே நட்சத்திரங்களைப் பார்த்து, நேரத்தைக் கம்பி வழியே ஒப்பிடுவது முறை. ஆனால் இருவரின் ஆள் பிழையும் நடுவே புகுந்துவிடுமே? அதற்கு வழி இருந்தது. இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே நட்சத்திரத்தைப் பார்த்து, யார் எவ்வளவு பிந்துகிறார் என்று கணக்கெடுக்கலாம். இல்லாவிட்டால் ஊரை மாற்றிக்கொண்டு மறுபடி பார்க்கலாம். முதலில் கூடிய வித்தியாசம் இப்போது அதே அளவு குறையும், சராசரியில் கழிந்துபோகும். ஆளைத் திருப்பி வைக்கும் வழி இதுதான்! யாருக்கும் வேலை போகவில்லை.

இவ்வளவு பிழை நீக்கியும் மிஞ்சியது ஒன்று உண்டு. வட இந்தியாவில் கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களில் எவரெஸ்டும் வாவும் ஒரே நாட்களில், ஒரே மாதிரிக் கருவிகளோடு, ஒரே நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். நட்சத்திரக் கணக்குக்கும் முக்கோணக் கணக்குக்கும் 5.24 விகலை வித்தியாசம் வந்தது. தரையில் அது சுமார் 160 மீட்டர். எவரெஸ்ட் அதை அளவைப் பிழை என்று நினைத்துக் கணக்கில் பரப்பிவிட்டார். ஆனால் எழுதி வைத்ததை அழிக்கவில்லை. கல்கத்தாவிலிருந்த பிராட் பாதிரியார் அந்த எண்ணை எடுத்து ஆராய்ந்தார். இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது, கொத்தனார் கட்டும் அதே தூக்குக்குண்டைத்தான்! 1855-ல் அவர் கணக்குப்படி சுமார் 16 விகலை இழுத்திருக்க வேண்டும், இழுத்ததோ 5 விகலைதான். ஏன் குறைந்தது? மலைக்கு அடியில் கனம் குறைந்த பாறை வேராக இறங்கியிருக்கிறது என்றார் ஏரி என்ற வானியலாளர். மலைகள் மிதக்கின்றன என்ற பெரிய கருத்துக்கு விதை அந்தச் சின்ன மிச்சம்.

இன்று செயற்கைக்கோள் நொடியில் இடம் சொல்கிறது. இருந்தாலும் ஆய்வகத்தில் ஊசல் ஆட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தில் இருக்கும் 9.8 வரவேண்டும் என்று நோட்டில் எண்ணைத் திருத்தாதீர்கள். நண்பருடன் இடம் மாற்றி ஸ்டாப் கிளாக்கைப் பிடியுங்கள், இருவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அதன் பிறகும் மிஞ்சுவதை மிஞ்சியபடியே எழுதுங்கள். உங்கள் கைப்பிழையை நீங்களே அளந்து கழித்துவிட்டால், மிச்சத்தில் பேசுவது நம்ம மலையாகவே இருக்கலாம்.