சும்மா இருக்கும் போனும் டவரோடு பேசுதா? நெட்வொர்க்கையே முடக்கும் 'சிக்னலிங்' சுமை - முழு விளக்கம்

2022 ஜூலை 2, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் முன்னணி மொபைல் நிறுவனங்களில் ஒன்றான கேடிடிஐ, பராமரிப்புப் பணிக்காக ஒரு ரவுட்டரை மாற்றியது. அதில் ஏற்பட்ட கோளாறால், வாய்ஸ் கால்களில் ஒரு பகுதி சுமார் 15 நிமிடங்கள் தடைபட்டது. ஆனால் அந்தச் சிக்கல் அதோடு முடியவில்லை. பாதிப்பு 61 மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. 3 கோடிக்கும் அதிகமான இணைப்புகள் பாதிக்கப்பட்டன. போலீஸை அழைக்கும் 110, ஆம்புலன்ஸை அழைக்கும் 119 ஆகிய அவசர எண்களுக்குக்கூட பலரால் பேச முடியவில்லை.

15 நிமிடக் கோளாறு எப்படி 61 மணி நேரமாக நீண்டது? இத்தனைக்கும் அது பெரும்பாலானவர்கள் தூங்கும் நேரம். பதில், யாரும் தொடாமல் சும்மா கிடந்த போன்களிடம் இருக்கிறது.

சும்மா இருக்கும் போன் என்ன செய்கிறது?

ஸ்கிரீன் அணைந்து, பாக்கெட்டில் இருக்கும் போன் 'ஐடில்' நிலையில் இருக்கும். அதாவது, டவரோடு நேரடி இணைப்பு இருக்காது. ஆனாலும் உங்களுக்கு ஒரு கால் வந்தால் போன் அடிக்க வேண்டும். அதற்கு இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, பேஜிங். "இந்த எண்ணுக்கு அழைப்பு வந்திருக்கிறது" என்று டவர்கள் அறிவிக்கும். 4ஜி போன் பொதுவாக 1.28 விநாடிக்கு ஒருமுறை கண்விழித்து, தனக்கு ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிடும்.

இரண்டாவது, இடப்பதிவு. "நான் இந்தப் பகுதியில்தான் இருக்கிறேன்" என்று போன் நெட்வொர்க்கிடம் சொல்வது. பல டவர்களைச் சேர்த்து ஒரு 'டிராக்கிங் ஏரியா' என்று பிரித்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் டவர் மாறினால் போன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டினால் சொல்ல வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் இருந்தாலும் அவ்வப்போது பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 4ஜி தரநிலையில் இதற்கான இயல்பான இடைவெளி 54 நிமிடங்கள்.

இப்படிப் போனும் நெட்வொர்க்கும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குத்தான் 'சிக்னலிங்' என்று பெயர். இது உங்கள் டேட்டா கணக்கில் வராது. ஒரு போனுக்குப் பார்த்தால் ரொம்பச் சின்ன விஷயம்தான். கோடிக்கணக்கான போன்கள் என்று வரும்போது அதுவே பெரிய சுமை.

ஜப்பானில் நடந்தது என்ன?

கேடிடிஐ-யின் வோல்ட்இ போன்கள் 50 நிமிடத்துக்கு ஒருமுறை இடப்பதிவு செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தன. வழக்கமாக இந்தப் பதிவுகள் நேரம் பிரிந்து வரும். ஆனால் கோளாறு நேரத்தில் பதிவு செய்ய முடியாத போன்கள், இணைப்பு திரும்பியதும் மொத்தமாக வந்து நின்றன. சர்வர்கள் திணறின. பதில் கிடைக்காத போன்கள் மீண்டும் மீண்டும் முயன்றன. நெரிசல் மேலும் கூடியது. சந்தாதாரர் விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸிலும் முரண்பாடு ஏற்பட, மீட்புப் பணி இன்னும் சிக்கலானது. ஏடிஎம்கள், வானிலைத் தரவு சேகரிப்பு, பார்சல் டெலிவரி வரை பாதிப்பு பரவியது.

ஜப்பானுக்கு இது புதிதல்ல. 2012 ஜனவரி 25-ல் என்டிடி டோகோமோ நெட்வொர்க் டோக்கியோவில் 4 மணி நேரத்துக்கும் மேல் தடைபட்டது. சுமார் 25 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். ஸ்மார்ட்போன் ஆப்கள் அனுப்பும் கட்டுப்பாட்டுச் செய்திகள் எதிர்பார்த்ததைவிட அதிகரித்ததே காரணம் என்று அப்போது தெரியவந்தது. 2021 அக்டோபர் 14-ல் அதே நிறுவனத்தில் மீண்டும் தடங்கல். இந்த முறை காரணம், ஐஓடி கருவிகள் மொத்தமாக இடப்பதிவுக்கு முயன்றது.

அப்படின்னா பதிவைக் குறைத்தால் போதாதா?

அங்கேதான் சிக்கல். டிராக்கிங் ஏரியாவைப் பெரிதாக்கினால் போன்கள் செய்யும் பதிவு குறையும். ஆனால் ஒரே ஒரு கால் வந்தாலும், அந்தப் பெரிய பகுதியில் உள்ள எல்லா டவர்களிலும் தேட வேண்டி வரலாம். பகுதியைச் சிறிதாக்கினால் தேடல் சுலபம், பதிவு அதிகம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடும். ஆக, இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைப் பிடிப்பதுதான் சவால்.

என்னென்ன தீர்வுகள் வந்துள்ளன?

ஏரியா பட்டியல்: ஒரு ரயில் எல்லையைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். இதைத் தவிர்க்க, 4ஜி-யில் ஒவ்வொரு போனுக்கும் பல ஏரியாக்கள் கொண்ட பட்டியல் தரப்படுகிறது. பட்டியலுக்குள் இருக்கும்வரை எல்லை தாண்டினாலும் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு ஆள் பட்டியல் மாறலாம் என்பதால் நெரிசலும் பிரிகிறது.

இரட்டைப் பதிவு: 4ஜி சிக்னல் குறைந்து 3ஜி-க்கு மாறி, மறுபடி 4ஜி-க்கு வரும் போன் ஒவ்வொரு முறையும் பதிவு செய்தால்? இதற்காகவே 'ஐடில் மோட் சிக்னலிங் ரிடக்‌ஷன்' என்ற வசதி உருவாக்கப்பட்டது. போன் இரண்டிலும் பதிவாகியிருக்கும். சும்மா இருக்கும்போது சொல்லாமலே மாறிக்கொள்ளலாம். பதிலுக்கு, கால் வந்தால் நெட்வொர்க் இரண்டிலும் தேடும்.

5ஜி-யின் 'இன்ஆக்டிவ்' நிலை: ஐடிலில் இருந்து முழு இணைப்புக்கு வர, போனும் நெட்வொர்க்கும் பல செய்திகளைப் பரிமாற வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்று வந்தாலும் இதே கதைதான். 5ஜி-யில் இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. கடைசியாக இணைந்திருந்த டவர், போனின் விவரங்களை அழிக்காமல் வைத்திருக்கும். அதனால் விட்ட இடத்திலிருந்து சில செய்திகளிலேயே தொடரலாம்.

நீண்ட தூக்கம்: தண்ணீர் மீட்டர் போன்ற கருவிகளை விநாடிக்கு விநாடி அழைக்கத் தேவையில்லை. என்பி-ஐஓடி கருவிகள், நெட்வொர்க் அனுமதித்தால், கிட்டத்தட்ட 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பேஜிங்கைக் கவனித்தால் போதும்.

ஒரே புஷ் இணைப்பு: ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாகத் தன் சர்வரைத் தொடர்புகொள்ளாமல், கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் பொதுவான நோட்டிஃபிகேஷன் இணைப்பைப் பயன்படுத்துவது. இதனால் போன் விழிக்கும் முறை குறைகிறது, பேட்டரியும் மிச்சம்.

பயனாளர் கவனிக்க வேண்டியது என்ன?

நெட்வொர்க் முடங்கும்போது போனை ஆஃப் செய்து ஆன் செய்வதும், ஏர்பிளேன் மோடை மாற்றி மாற்றிப் போடுவதும் பலருக்கும் வழக்கம். தனி ஒரு போனின் கோளாறுக்கு அது உதவலாம். ஆனால் ஊர் முழுக்க நெட்வொர்க் நெரிசலில் இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஒரு பதிவுக் கோரிக்கையை அனுப்பும். லட்சம் பேர் அப்படிச் செய்தால் சர்வர் மீள்வது இன்னும் தாமதமாகலாம். வைஃபை இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொண்டு காத்திருப்பது நல்லது. ஏன்னா, அதே வரிசையில்தான் ஆம்புலன்ஸை அழைக்க முயலும் ஒருவரின் போனும் நின்றுகொண்டிருக்கும்.