தீவுகளின் எலி வேட்டை

கொச்சியில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் வல்லார்பாடத்தை நன்கு அறிவர். காயல் நடுவே தென்னஞ்சோலையாக விளங்கிய அத்தீவை 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் நகரத்தோடு இணைத்தன; 2011-இல் அங்கே சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பெற்றது. அதற்கு அண்மையிலுள்ள வில்லிங்டன் தீவிலிருந்து இலட்சத்தீவுகளுக்குக் கப்பல்கள் செல்கின்றன. அரசாங்கமும் ஊராரும் கூடி எலியை எதிர்த்து நடத்திய நெடும் போராட்டம் ஒன்றை அத்தீவுகளின் வரலாற்றிலே நாம் காண்கிறோம்.

1875 முதல் அத்தீவுகளிற் பெரும்பகுதியைச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டக் கலெக்டரின் ஆளுகை கண்காணித்து வந்தது. நெல் விளையாத அம்மணல் திட்டுகளில் தென்னையே உயிர்நாடி. தீவினர் தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்துக் கொடுத்து, அதற்கு ஈடாக அரிசி பெற்றனர். கயிறு வாங்கும் தனியுரிமையோ ஆட்சியாளரிடம் இருந்தது. ஆகவே குரும்பையை எலி கடித்து வீழ்த்தினால், குடியானவனின் கலத்தில் சோறு குறையும். அரசாங்கத்தின் கருவூலத்தில் வருவாய் குறையும். இருதிறத்தாரின் கவலையும் ஓரிடத்தில் வந்து கூடியது.

இந்த எலி வீட்டு மூலையில் வளை தோண்டும் இனமன்று. கப்பல் எலி என்று பெயர் பெற்ற கருவெலி, மரமேறுவதில் வல்லது. தென்னையின் கொண்டையிலேயே கூடு கட்டிக் குட்டி ஈனும். மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் தோப்புகளில் தரையைத் தொடாமலே மரத்துக்கு மரம் தாவும். தரையில் இரை தேடும் பூனைக்கு அஃது எட்டுவதில்லை.

எனவே மனிதரே மரமேற வேண்டியதாயிற்று. அமீன் என்னும் தீவுத் தலைவரின் மேற்பார்வையில் ஆடவர் திரண்டு கூட்டு எலி வேட்டை நடத்தினர். சிலர் மரமேறிக் கொண்டையைக் கலைத்து எலிகளை விரட்டுவர். கீழே நிற்போர் தடிகொண்டு அடிப்பர். ஒருவர் தம் மரங்களை மட்டும் காப்பதாற் பயனில்லை. அடுத்த தோப்பில் எஞ்சிய எலிகள் மீண்டும் வந்து சேரும். எல்லாரும் ஒரே நாளில் இறங்கவேண்டிய காரணம் இதுவே.

1956 நவம்பர் 1-இல் இத்தீவுகள் மத்திய அரசின் நேரடி ஆட்சிப்பகுதியாயின. கூட்டு முயற்சியோடு ஆராய்ச்சியும் கைகோத்தது. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், ஐந்து மரங்களுக்கு ஒன்றாகக் கொண்டையில் நச்சுக் கட்டிகளை வைத்து, 12 நாள் கழித்து மீண்டும் வைக்குமாறு கூறுகிறது. மரத்துக்கு மரம் தாவும் எலி அந்த ஒரு மரத்தையும் நாடிவரும் என்பதே இதன் உட்பொருள். இடைவெளி உள்ள தோப்புகளில் அடிமரத்தைச் சுற்றித் தகரப் பட்டை கட்டினாலே எலி ஏறாது. மட்டைகள் பிணைந்த தோப்பில் அப்பட்டை மட்டும் போதாது.

தென்னையின் மற்றொரு பகையான காண்டாமிருக வண்டுக்கும் இவ்வாறே வழி பிறந்தது. 1963-இல் மலேயாவில் அவ்வண்டைக் கொல்லும் நுண்கிருமி ஒன்று கண்டறியப்பட்டது. 1967-இல் சமோவாத் தீவுகளில் அது பரப்பப்பட்டது. 1980-களில் நம் மினிக்காய்த் தீவிலும் விஞ்ஞானிகள் அதனைப் பரப்பி வண்டுகளைக் குறைத்தனர். 2019-இல் கவரத்தித் தீவு நிர்வாகம் எலிகளைப் பிடிக்கக் கூகைகளைக் கேரளத்திலிருந்து கொண்டு வந்தது.

இவ்வரலாற்றில் சட்டத்தின் கட்டாயமும் உண்டு. மக்களின் சொந்த நலனும் உண்டு. ஆணை மட்டும் இருந்து ஊர் ஒத்துழையாவிடின் எலி பெருகியிருக்கும். ஊர் விரும்பியும் நாள் குறிக்க ஆளில்லாவிடின் வேட்டை சிதறியிருக்கும். வெளி மாநிலங்களில் பல மொழியினரோடு ஒரே தெருவில் வாழும் நமக்கும் இது பொருந்தும். வேலி நமக்குத்தான் எல்லை; எலிக்கு அன்று. அதனை ஒழிக்க விரும்புவோர் வேலிக்கு அப்பாலிருக்கும் அயலாரின் கையையும் பற்றிக்கொள்ளல் வேண்டும்.