நீந்தத் தெரியாத கிருமியும் கோவை பிளேக்கும்

கோவைக்காரங்களுக்கு பிளேக் மாரியம்மனைத் தெரியாம இருக்காது. ஒரு நோயோட பேரையே சாமி பேர்ல வச்சிருக்கோம்னா, அந்த நோய் இந்த ஊரை என்ன பாடு படுத்தியிருக்கும்!

1896ல பம்பாய்ல கிளம்புன பிளேக் 1903ல கோவைக்கு வந்துச்சு. பல வருஷம் விட்டு விட்டு அடிச்சுது. 1901 கணக்கெடுப்புல ஊர் ஜனத்தொகை 53,080. 1911ல 47,007. குறைஞ்சது எல்லாமே சாவு இல்லீங்க, ஊரைக் காலி பண்ணிட்டுப் போனவங்களும் உண்டு.

எலியில இருந்து எலிக்கு இதைக் கொண்டுபோறது தெள்ளுப்பூச்சின்னு 1898ல கராச்சியில பால் லூயி சிமோன்ட்ங்கற பிரெஞ்சு டாக்டர் காட்டினார். செத்துக்கிட்டிருந்த எலிக்குப் பக்கத்துல, வலைக்கூண்டுக்குள்ள ஒரு நல்ல எலி. ரெண்டும் தொட்டுக்க முடியாது, தெள்ளு மட்டும் தாண்டலாம். நல்ல எலியும் பிளேக்ல செத்துது. அப்பவும் பல வருஷம் யாரும் நம்பல.

சரி, தெள்ளோட வயித்துல போன கிருமி திரும்ப வாய்க்கு எப்படி வரும்? ரத்தம் உள்ள போற ஓட்டத்தை எதிர்த்துல்ல வரணும்?

நீந்துற கிருமிகளுக்கு இது பெரிய விஷயமில்ல. ஈ.கோலை மாதிரி வால் இருக்கற பாக்டீரியா, குறுகலான குழாயில சுவரை ஒட்டிக்கிட்டே எதிர்நீச்சல் போடும். சுவரோரம் ஓட்டம் மெதுவா இருக்கும், அதான் வசதி. யூரின் டியூபை சீக்கிரம் எடுக்கச் சொல்லி நாங்க நச்சரிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா பிளேக் கிருமிக்கு நீந்தவே தெரியாது. சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அது பிரிஞ்சு வந்த மூதாதை, குடல்ல நோய் உண்டாக்கற யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ். அது குளிர்ச்சியில நல்லாவே நீந்தும். வால் செய்யச் சொல்ற மரபணுல ஒரே ஒரு எழுத்து கூடுதலா நுழைஞ்சதுல, பிளேக் கிருமிக்கு அந்த வித்தை போயிருச்சு.

அப்புறம் எப்படித்தான் வெளிய வருது? 1914ல லண்டன் லிஸ்டர் நிறுவனத்துல பேக்கட்டும் மார்ட்டினும் தெள்ளுகளை அறுத்துப் பார்த்தாங்க. (பேக்கட் முன்னாடி ஒரு ஆபீஸ் கிளார்க், பூச்சி ஆராய்ச்சி பொழுதுபோக்கு. 1922ல கெய்ரோல டைஃபஸ் ஆராய்ச்சி பண்ணும்போது அதே டைஃபஸ்லயே இறந்தார்.) தெள்ளோட இரைப்பைக்கு முன்னாடி ஒரு சின்ன வால்வு இருக்கு. உள்புறம் பூரா முள்ளு. கிருமி அந்த முள்ளுல பசை மாதிரி ஒட்டி, பெருகி, வழியையே அடைச்சிருது. சாக்கடையில துணி சிக்கின மாதிரி.

தெள்ளு எவ்வளவு ரத்தம் குடிச்சாலும் ஒரு சொட்டுகூட வயித்துக்குப் போகாது. தொண்டை வரைக்கும் போய், அடைப்புல மோதி, கிருமியோட கடிவாய்க்கே திரும்பி வந்துரும். பசி அடங்காம அது வெறி பிடிச்ச மாதிரி திரும்பத் திரும்பக் கடிக்கும். கடைசியில பட்டினியிலயே சாகும். நீந்தத் தெரியாத கிருமி, பூச்சியோட பசியை வச்சே வெளிய வந்துருது.

வீட்ல எலி செத்து விழுந்தா கதவைப் பூட்டிட்டுக் காட்டுல போய்க் குடிசை போட்டுக்கறது அந்தக் கால வழக்கம். அதைப் பயம்னு சொல்லிச் சிரிக்காதீங்க. செத்த எலியோட உடம்பு ஆறினதும் தெள்ளு இறங்கி, சூடான அடுத்த உடம்பைத் தேடும். அந்த நேரத்துல வீட்ல ஆள் இல்லாம இருந்ததுதான் பல குடும்பங்களைக் காப்பாத்துச்சு.