கோதுமை ஒவ்வாமை

கோதுமை ஒவ்வாமை என்பது கோதுமையில் உள்ள புரதங்களுக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு செயற்படுவதால் உண்டாகும் உணவு ஒவ்வாமை ஆகும். இது பெரும்பாலும் குழந்தைகளிடம் காணப்படுகிறது. சோறு முதன்மை உணவாக உள்ள தமிழ்நாட்டில் இக்குழந்தைகளுக்கு உணவளிப்பது எளிது எனத் தோன்றும். ஆயினும் கோதுமை என்ற பெயர் இல்லாமல் சமையலறைக்குள் வரும் பொருட்களே இங்கு இடர் விளைவிக்கின்றன.

அறிகுறிகள்

உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றலாம். கடுமையான நிலையில் மூச்சுத்திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படும். இது அனபிலாக்சிஸ் எனப்படும். இந்நிலையில் தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது. உடனே 108 ஊர்தியை அழைக்கவேண்டும்.

செலியாக் நோய் இதிலிருந்து வேறுபட்டது. அது குளூட்டனால் சிறுகுடல் மெல்லச் சிதைவுறும் நோயாகும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பொதுவான பிழை. குளூட்டன் நீக்கிய கோதுமை மாப்பொருள் சேர்ந்த உணவு செலியாக் நோயாளிக்கு ஏற்றதாக இருந்தாலும், கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆகாமல் போகலாம்.

வீட்டு உணவில் கோதுமை

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி நகரியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்திற்காக அமைக்கப்பட்ட இந்நகரியத்தில் தமிழகத்தின் பல பகுதியினரும் பிற மாநிலத்தவரும் குடியேறினர். அதனால் இட்லி, தோசையோடு சப்பாத்தியும் பூரியும் அன்றாட உணவாயின. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்குவதால், முறைப்பணி செய்வோர் வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் உண்பதில்லை. இரவுப் பணி முடிந்து வருபவருக்குச் சப்பாத்தி சுட்ட கல்லிலேயே குழந்தைக்குத் தோசை வார்க்கும் நிலை எளிதில் ஏற்படும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தனிக் கல், தனிக் கரண்டி வைப்பது நல்லது. அதைவிட, குடும்பம் முழுவதும் ஒரே அரிசி உணவை உண்பது எளிது. குழந்தைக்கும் தான் ஒதுக்கப்பட்டதாகத் தோன்றாது.

சப்பாத்தி, பரோட்டா ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும் என்பதை எவரும் அறிவர். வெள்ளை ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே என்பதைப் பலர் அறிவதில்லை. மைதா மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற தவறான எண்ணமும் சிலரிடம் உண்டு. (மரவள்ளியிலிருந்து கிடைப்பது சவ்வரிசி, அதில் கோதுமை இல்லை.) கேழ்வரகுச் சேமியா என விற்கப்படும் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஆர்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களிலும் கோதுமை உண்டு. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலிலிருந்தே செய்யப்படுகிறது.

இவை எல்லாவற்றிலும் மறைவானது பெருங்காயம். தூய பெருங்காயப் பிசின் மிகுந்த காரமுடையது. ஆகவே கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கருவேலம் பிசின் வகைகளுடன் மாவும் சேர்க்கப்படுகிறது. பல தயாரிப்புகளில் அது கோதுமை மாவு. சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய், முறுக்கு என்று ஏறத்தாழ எல்லாவற்றிலும் பெருங்காயம் இடப்படுவதால், கோதுமையை அறவே நிறுத்திய வீட்டிலும் குழந்தைக்குத் தடிப்பு தொடரக்கூடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. உறையைப் படித்து வாங்கவேண்டும். இயலாவிடில் பெருங்காயத்தை விட்டுவிட்டுப் பூண்டு, சீரகத்தால் தாளிக்கலாம்.

மாவு ஆலை மற்றோர் இடர். கோதுமை அரைத்த எந்திரத்தில் அடுத்ததாக அரைக்கும் அரிசியில் முந்தைய மாவு கலந்துவிடும். இடியாப்ப மாவு, புட்டு மாவு ஆகியவற்றை வீட்டிலேயே மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்வது பாதுகாப்பானது.

சத்துக் குறைவை ஈடுசெய்யக் கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள் உதவும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் கூடுதலான சுண்ணாம்புச் சத்து உள்ளது. அருகிலுள்ள பண்ருட்டிப் பகுதியில் மிகுதியாக விளையும் முந்திரியும் சத்தானது. எனினும் அதுவே தனியொரு ஒவ்வாமைப் பொருள் என்பதால் மருத்துவரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

பள்ளியில்

1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் சோற்றை அடிப்படையாகக் கொண்டது. 2022இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலிலோ பொங்கலுடன் ரவை, சேமியா, கோதுமை ரவை ஆகியவற்றாலான உப்புமா, கிச்சடி வகைகளும் இடம்பெற்றன. எனவே ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் தலைமை ஆசிரியருக்கும் சமையல் பொறுப்பாளருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அந்நாட்களில் வீட்டு உணவைக் கொடுத்தனுப்புவது நன்று. வகுப்பில் பிறந்தநாளுக்கு வழங்கப்படும் கேக்கும் பிஸ்கட்டும் பட்டியலில் வராதவை. அவற்றைப் பற்றி வகுப்பாசிரியரிடம் சொல்லிவைக்கவேண்டும்.

உறைக் குறிப்பு

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருப்பதை உறையிடப்பட்ட உணவுகளில் அறிவிக்கவேண்டும். உறையின்றி விற்கப்படும் கடைத் தின்பண்டங்களில் இவ்வாறு படித்தறிய வழியில்லை.

நோயின் போக்கு

பல குழந்தைகளுக்கு இவ்வொவ்வாமை வளர வளர நீங்கிவிடுகிறது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 12 வயதுக்குள் 65 விழுக்காட்டினருக்கு நீங்கியிருந்தது. நீங்கியதா என்பதை வீட்டில் சிறிது கொடுத்துப் பார்த்துச் சோதிக்கக்கூடாது. அவசர மருந்துகள் தயாராக உள்ள மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில், மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாகக் கொடுத்தே இச்சோதனை செய்யப்படுகிறது.