சோன் - டெசிபெல் மாற்றம்

சோன் - டெசிபெல் மாற்றம் என்பது, மனிதர் உணரும் ஒலியுரப்பின் அலகாகிய சோனுக்கும் ஒலி அழுத்த மட்டத்தின் அலகாகிய டெசிபெலுக்கும் இடையிலான தொடர்பைக் கணிக்கும் முறையாகும். டெசிபெல் கருவியால் அளக்கப்படுவது. சோன், கேட்பவர்களின் தீர்ப்பிலிருந்து பெறப்பட்டது. ஆகவே இது அடியை மீட்டராக மாற்றுவது போன்ற எளிய பெருக்கல் அன்று. 1000 எர்ட்சு அதிர்வெண் கொண்ட தூய தொனிக்கு மட்டுமே ஒற்றைச் சமன்பாடு நேரடியாகப் பொருந்துகிறது. பிற ஒலிகளுக்கு அவற்றின் அதிர்வெண், அவை பரவியுள்ள பட்டையின் அகலம், நீடிக்கும் நேரம் ஆகியவையும் தெரிந்திருக்க வேண்டும்.

அலகுகள்

டெசிபெல் ஒரு விகிதத்தின் மடக்கை அளவு ஆகும். காற்றில் பரவும் ஒலிக்கு 20 மைக்ரோபாசுக்கல் அழுத்தம் சுழியம் டெசிபெல் எனக் கொள்ளப்படுகிறது. இளம் வயதினரின் காது 1000 எர்ட்சு அளவில் ஏறக்குறைய இந்த அழுத்தத்திலிருந்தே கேட்கத் தொடங்குகிறது. ஒலிச்செறிவு பத்து மடங்காகும்போது மட்டம் 10 டெசிபெல் உயரும். நூறு மடங்காகும்போது 20 டெசிபெல் உயரும்.

ஒரே டெசிபெல் மட்டத்தில் உள்ள இரு தொனிகள் ஒரே உரப்புடன் கேட்பதில்லை. தாழ்ந்த அதிர்வெண்களில் காதின் உணர்திறன் குறைவு. 3000 முதல் 4000 எர்ட்சு வரையில் அது மிகுதி. இதனை ஈடுசெய்ய ஃபோன் என்னும் அலகு பயன்படுகிறது. ஓர் ஒலி, 1000 எர்ட்சுத் தொனி எத்தனை டெசிபெலில் ஒலித்தால் அதற்கு இணையாகக் கேட்குமோ, அந்த எண்ணே அதன் ஃபோன் மதிப்பாகும். 1933-ல் ஃபிளெச்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்புக் கோடுகள் இவ்வளவீட்டின் தொடக்ககாலப் பெரும் பணியாகும். 1956-ல் ராபின்சனும் டாட்சனும் அதனைத் திருத்தினர். பின்னர் ஐஎஸ்ஓ 226 என்னும் பன்னாட்டுத் தரமாக இக்கோடுகள் நிலைபெற்று, 2003-லும் 2023-லும் புதுப்பிக்கப்பட்டன. 2003-ஆம் ஆண்டுத் தரத்தின்படி, 40 டெசிபெலில் உள்ள 1000 எர்ட்சுத் தொனிக்கு இணையாகக் கேட்க, 100 எர்ட்சுத் தொனி சுமார் 64 டெசிபெலில் ஒலிக்க வேண்டும்.

ஃபோன் அளவிலும் ஒரு குறை உண்டு. 80 ஃபோன் ஒலி 40 ஃபோன் ஒலியைப் போல் இருமடங்கு உரப்பானது அன்று. அதைவிட மிக உரப்பானது. "இருமடங்கு உரப்பு" என்று காது சொல்வதை எண்ணும் இருமடங்காகக் காட்ட வேண்டும் என்ற நோக்கில், அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்சு 1936-ல் சோனை முன்மொழிந்தார். 40 ஃபோன் உரப்பு 1 சோன் ஆகும். 2 சோன் ஒலி, 1 சோன் ஒலியைப் போல் இருமடங்கு உரப்பாகக் கேட்கும்.

மாற்றச் சமன்பாடு

உரப்பு மட்டம் ஒவ்வொரு 10 ஃபோன் உயரும்போதும் சோன் மதிப்பு இரட்டிக்கிறது. எனவே:

சோன் = 2 இன் அடுக்கு (ஃபோன் − 40) ÷ 10
ஃபோன் = 40 + 33.22 × மடக்கை (சோன்)

இங்கு மடக்கை 10-ஐ அடியாகக் கொண்டது. 1000 எர்ட்சுத் தொனிக்கு ஃபோனும் டெசிபெலும் ஒரே எண் என்பதால் பின்வரும் அட்டவணை கிடைக்கிறது.

40 டெசிபெல் - 1 சோன்
50 டெசிபெல் - 2 சோன்
60 டெசிபெல் - 4 சோன்
70 டெசிபெல் - 8 சோன்
80 டெசிபெல் - 16 சோன்
90 டெசிபெல் - 32 சோன்
100 டெசிபெல் - 64 சோன்

40 ஃபோனுக்குக் கீழே இச்சமன்பாடு பொருந்தாது. அங்கு உரப்பு இதைவிட விரைவாகக் குறைந்து கேட்புத் தொடக்கத்தில் மறைகிறது. 10 டெசிபெலுக்கு இருமடங்கு என்பதும் பலருடைய தீர்ப்புகளின் சராசரியே தவிர இயற்கை மாறிலி அன்று. ரிச்சர்டு வாரன் என்னும் ஆய்வாளர் 6 டெசிபெலே இருமடங்கு என வாதிட்டார். தரங்கள் 10 டெசிபெல் விதியையே ஏற்றுள்ளன.

பல ஒலிகள் சேரும்போது

திருமண ஊர்வலத்தில் ஒரு நாதசுவரத்துடன் அதே அளவு ஒலிக்கும் இன்னொரு நாதசுவரம் சேர்ந்தால் மட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். சமன்பாட்டின்படி உரப்பு சுமார் 1.23 மடங்காகும். இருமடங்கு உரப்பு வேண்டுமெனில் பத்து நாதசுவரங்கள் தேவை! ஆனால் இக்கணக்கு ஒரே அதிர்வெண் பகுதியில் விழும் ஒலிகளுக்கே பொருந்தும். உட்காது ஒலியைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்தே உணர்கிறது. ஒரே பட்டைக்குள் ஆற்றல்கள் கூடுகின்றன. தொலைவில் உள்ள பட்டைகளிலோ சோன்களே கூடுகின்றன. ஆகவே நாதசுவரத்துடன் தவிலின் தொப்பிப் பக்கத்து ஆழ்ந்த ஒலி சேரும்போது, டெசிபெல் மானி காட்டுவதைவிட உரப்பு மிகுந்து கேட்கும்.

இந்தக் கருத்தின் அடிப்படையில் எபர்ஹார்டு சுவிக்கர் கேட்புப் பரப்பை 24 பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள உரப்பைக் கணித்துக் கூட்டும் முறையை உருவாக்கினார். அது ஐஎஸ்ஓ 532 தரத்தில் இடம்பெற்றது. மெய்யான ஒலிகளுக்குச் சோன் மதிப்பு இத்தகைய முறைகளாலேயே பெறப்படுகிறது.

வட அமெரிக்காவில் காற்றோட்ட விசிறிகளின் ஓசை சோனில் குறிக்கப்படுகிறது. விசிறி ஓசை பல பட்டைகளில் பரவியிருப்பதால், 1 சோன் விசிறி 40 டெசிபெல் அன்று; சுமார் 28 டெசிபெல் (ஏ) மட்டுமே. இத்துறையில் 28 + 33.2 × மடக்கை (சோன்) என்னும் தோராயச் சூத்திரம் வழங்குகிறது. மேலே உள்ள அட்டவணையை விசிறிக்குப் பயன்படுத்துவோர் 12 டெசிபெல் அளவுக்குப் பிழை செய்வர். இப்பிழை மிகப் பரவலானது.

சட்ட வரம்புகளும் உரப்பும்

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000) டெசிபெல் (ஏ) அளவில் எழுதப்பட்டுள்ளன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்பன வரம்புகள். இரவு வரம்பு 10 டெசிபெல் குறைவு என்பதன் பொருள், அனுமதிக்கப்படும் உரப்பு ஏறக்குறைய பாதி. ஒலிச்செறிவோ பத்தில் ஒரு பங்கு. உச்ச நீதிமன்றத்தின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பொது இட ஒலிபெருக்கியின் ஓசை அவ்விடத்தின் எல்லையில் அப்பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபெல் (ஏ) அல்லது மொத்தம் 75 டெசிபெல் (ஏ), இவற்றில் குறைவானதற்கு மேல் போகக்கூடாது என்றது. படிப்பவருக்குப் "பத்துதானே" என்று தோன்றும்; காதுக்கு அது இருமடங்கு.

(ஏ) என்பது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து மதிப்பிடும் ஒரு வடிப்பான். 100 எர்ட்சில் இது சுமார் 19 டெசிபெலைக் கழிக்கிறது. இது 40 ஃபோன் கோட்டை ஒட்டி அமைந்தது. உரத்த ஒலிகளில் தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் நடு அதிர்வெண்களுக்கும் இடையே காது காட்டும் வேற்றுமை குறைந்துவிடுகிறது. எனவே திருவிழாக்களில் வைக்கப்படும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அதிரும் ஓசையை இவ்வளவு குறைத்தே காட்டுகிறது. நெஞ்சு அதிர்கிறது என்று மக்கள் முறையிடுவதும் மானி வரம்புக்குள் காட்டுவதும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும்.

கொள்ளுகுடிப்பட்டி: மாற்றம் நின்றுவிடும் இடம்

சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து காரைக்குடி செல்லும் வழியில் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உள்ளது. 1977-ல் அறிவிக்கப்பட்ட இது, சுமார் 38 எக்டேர் பரப்புள்ள கண்மாய்களைக் கொண்டது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் முதலியவை இங்கு கூடு கட்டுகின்றன. பறவைகள் கலையாதிருக்க, கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் பிற விழாக்களுக்கும் வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவது வழக்கம்.

இம்முடிவின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1999-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஒற்றை வெடியின் ஓசை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல் (ஏஐ) அளவைத் தாண்டக்கூடாது. சரவெடியில், வெடிகளின் எண்ணிக்கையின் மடக்கையை 5-ஆல் பெருக்கிவரும் அளவுக்கு ஒவ்வொரு வெடியின் வரம்பும் குறையும். ஆயிரம் வெடிகள் கொண்ட சரத்தில் அது 110 ஆகும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் மட்டம் 6 டெசிபெல் குறைகிறது. நான்கு மீட்டரை எட்டு முறை இரட்டித்தால் 1024 மீட்டர். அங்கு 125 என்பது 77 ஆகும். தரையும் மரங்களும் காற்றும் உறிஞ்சுவதால் மெய்யான மதிப்பு இன்னும் குறையலாம். இரவு வரம்பாகிய 45-ஐவிட 77 என்பது 32 டெசிபெல் அதிகம். அதாவது, சமன்பாட்டின்படி சுமார் 9 மடங்கு உரப்பு. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் அப்பால் வெடித்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது.

எனினும் இந்த 9 மடங்கு என்னும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. வெடியோசை சில மில்லிநொடிகளே நீடிப்பது. காது உரப்பை நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் திரட்டியே உணர்வதால், அதைவிடக் குறுகிய ஒலி அதன் உச்ச மட்டம் குறிப்பதைவிட மென்மையாகவே கேட்கும். ஆயினும் உட்காதின் நுண்மயிர் உயிரணுக்களுக்கு நேரும் சேதம் உச்ச அழுத்தத்தைப் பொறுத்தது. உரப்பாகத் தோன்றாத வெடி தீங்கற்றது என்பது இதனால் தவறாகும்.

மேலும், சோன் மனிதரிடம் கேட்டுப் பெற்ற அளவு. எது இருமடங்கு உரப்பு என்று நாரையிடம் கேட்க இயலாது. சம உரப்புக் கோடுகளும், (ஏ) வடிப்பானும் மனிதக் காதுக்கு உரியவை. பறவைகளின் கேள்வி பொதுவாக 1000 முதல் 5000 எர்ட்சு வரையிலேயே கூர்மையானது. மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த ஒலிகளை அவை நம்மைவிடக் குறைவாகவே கேட்கின்றன. ஆகவே கண்மாயின் கரையில் வைத்த மானி காட்டும் டெசிபெலை, கூட்டிலிருக்கும் பறவை உணரும் உரப்பாக மாற்றச் சமன்பாடு ஏதும் இல்லை. ஆய்வாளர்கள் அங்கு சோனைக் கணிப்பதில்லை. ஒலி எழுந்தபின் எத்தனை பறவைகள் எழுந்து பறந்தன, எத்தனை திரும்பி வந்தன என்று எண்ணுகின்றனர்.